எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் முதல் ட்ராக் டே: முழுமையான வழிகாட்டி

மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ், கேட்டர்ஹாம் செவன், டொயோட்டா ஜிடி86, ஆல்பைன் ஏ110 மாதிரி ஒரு காரை வைத்திருப்பவர்கள், முதல் ட்ராக் டேவுக்கு (சொந்தக் காரைப் போட்டியில்லாமல் ரேஸ் சர்க்யூட்டில் ஓட்டும் நாள்) பதிவு செய்த கையோடு பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். தாழ்வான சஸ்பென்ஷன், ரேஸ் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை), செமி ஸ்லிக் (பள்ளம் குறைந்த, ரேஸ் டயருக்கு நெருக்கமான) டயர், பெரிய எக்ஸாஸ்ட் என்று அது நீண்டுகொண்டே போகும். நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிர். எடை குறைந்த காரில் முதல் நாளுக்காகப் புதிதாக எதையும் பூட்ட வேண்டியதில்லை. இருப்பதை ஒன்றுவிடாமல் சரிபாருங்கள், பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள், மிச்சப் பணத்தை ஒரு பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். மணிக்கு 160 கிலோமீட்டரில் வருகிற 1,000 கிலோ காரை 80க்குக் கொண்டுவர, ஏறக்குறைய 740 கிலோஜூல் ஆற்றலை பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டும். 1,600 கிலோ காருக்கு அதே வேலை சுமார் 1,185 கிலோஜூல். ஒரே லேப்பில் இந்த மாதிரி பிரேக் பிடிப்பது பலமுறை நடக்கும். 1996இல் வந்த முதல் எலிஸின் எடை சுமார் 725 கிலோதான். 1989இல் வந்த முதல் எம்எக்ஸ்-5 1,000 கிலோவுக்குள் அடங்கிவிடும். இப்படிப்பட்ட காரின் சொந்த பிரேக்குகளும், நல்ல நிலையில் உள்ள சாலை டயர்களும் ஒரு புதியவரின் முதல் நாளைத் தாராளமாகத் தாங்கும்.

எந்த நாளுக்குப் பதிவு செய்வது

புதியவர்களுக்கென்றே நடத்தும் நாள் இருந்தால் அதுதான் உங்களுக்கு. அது இல்லையென்றால், ஓட்டுபவர்களை அனுபவப்படி பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15, 20 நிமிடம் மாற்றி மாற்றி அனுப்பும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பிட் லேன் (ட்ராக்குக்குள் போகவும் வெளியே வரவும் உள்ள பாதை) நாள் முழுவதும் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற நாள்களும் உண்டு. அவை தாமதமில்லாதவை, ஆனால் முதல்முறை வருபவரும் பல வருட அனுபவம் உள்ளவரும் ஒரே நேரத்தில் ட்ராக்கில் இருப்பார்கள். அதை இரண்டாவது நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபேயைப் பார்த்துவிட்டு அங்கேயே தொடங்க ஆசைப்படுபவர்கள் நிறைய. 20.8 கிலோமீட்டர் நீளம், தவறினால் ஒதுங்க இடமே இல்லாத ஓரங்கள், மனப்பாடம் செய்யவே நாள்கணக்கில் ஆகும் வளைவுகள். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் அங்கே சாலைப் போக்குவரத்துச் சட்டம்தான் செல்லும். இடித்த தடுப்புக்கும் காரைத் தூக்கியதற்கும் உங்களிடம்தான் பணம் கேட்பார்கள். கற்றுக்கொள்ள அது இடமில்லை. அகலமான, ஒதுங்கும் இடம் நிறைய உள்ள, சுருக்கமான ஒரு சர்க்யூட்டே முதல் நாளுக்குப் பொருத்தம்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது இன்ஷூரன்ஸ். சாதாரண சாலை பாலிசி பெரும்பாலும் ட்ராக்கில் செல்லாது. உங்கள் பாலிசியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், தேவையானால் ஒரு நாளுக்கான தனிப் பாதுகாப்பு எடுங்கள். எப்படியிருந்தாலும், காரை முழுதாக இழந்தால் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போவது நல்லது. இரண்டாவது சத்தம். பல சர்க்யூட்டுகளில் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு வரம்பு உண்டு. அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து, எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்மில் முக்கால் பங்குக்கு ஏற்றி அளப்பது பரவலான முறை. ஓட்டும்போதே ஓரத்தில் நின்று அளப்பவர்களும் உண்டு. மாற்று எக்ஸாஸ்ட் போட்ட காராக இருந்தால் இதை முன்பே உறுதிசெய்யாமல் கிளம்பாதீர்கள். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, திறந்த கார்களுக்கு மட்டும் உரியது: ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உலோக வளைவு. எம்எக்ஸ்-5 போன்ற கன்வெர்டிபிள்களில் தொழிற்சாலையிலிருந்து வரும் சின்ன வளைவுகளைச் சில அமைப்பாளர்கள் ஏற்க மாட்டார்கள். ரோல் பாரின் மேல்முனையிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஒரு நீளக் குச்சியை வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் ஹெல்மெட் போட்டு உட்காரும்போது தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்த்துவிடுங்கள். நான் மேலே சொன்ன 'எதையும் பூட்ட வேண்டாம்' என்பதற்கு ஒரே விதிவிலக்கு நல்ல ரோல் பார்தான்.

இரண்டு வாரம் முன்பு: பிரேக்

நேரம் குறைவு, ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்கிற ஃப்ளூயிட் தரத்தின்படி புதிய ஃப்ளூயிடின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அந்தக் குறைந்தபட்சம் 155 டிகிரி. டாட் 5.1க்கு 260, 180. காலிப்பருக்குள் (பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகம்) ஃப்ளூயிட் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. எவ்வளவு விலையுயர்ந்த பேட் போட்டிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. ட்ராக் பயன்பாட்டுக்கென்றே 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ஃப்ளூயிடுகள் கிடைக்கின்றன. எடை குறைந்த காருக்கு முதல் நாளில் புதிய, நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயர் ஒத்திருக்கிறதே என்று அதை இவற்றோடு கலக்கக் கூடாது.

மாற்றிய பிறகு பெடல் மேலேயே, கல் மாதிரி கெட்டியாக நிற்க வேண்டும். அழுத்தி வைத்திருக்கும்போது மெல்ல இறங்கினாலோ, இரண்டாவது அழுத்தலில் மட்டும் கெட்டியானாலோ உள்ளே காற்று இருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. அதைத் தீர்க்காமல் போகவே வேண்டாம்.

பேடுகளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கட்டும். சாலையில் பல மாதம் வரக்கூடிய மெல்லிய பேட் ட்ராக்கில் ஒரு மதியத்தில் உலோகம்வரை தேயலாம். தவிர, மெல்லிய பேட் வழியாக வெப்பம் சீக்கிரம் காலிப்பர் பிஸ்டனுக்கும் ஃப்ளூயிடுக்கும் ஏறிவிடும். டிஸ்கில் விளிம்புவரை ஓடும் வெடிப்பு இருக்கக் கூடாது. ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், கீறல் தெரிந்தால் மாற்றுங்கள்.

சரி, ரேஸ் பேட் போட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே என்று தோன்றும். எடை குறைந்த காரில் அப்படியல்ல. கடினமான ரேஸ் பேடுகள் சரியாகப் பிடிக்கவே நல்ல சூடு வேண்டும். 900 கிலோ காரை ஒரு புதியவர் ஓட்டும்போது அந்தச் சூடு வராமலே போகலாம். அப்போது முதல் வளைவில் பெடலை மிதித்தால் எதிர்பார்த்த பிடிப்பு கிடைக்காது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் அதே கதை. கையிலிருப்பது தேய்ந்துவிட்டது என்றால், சாலைக்கும் அவ்வப்போது ட்ராக்குக்கும் ஏற்றதாக விற்கப்படும் நடுத்தர வகையைப் போடுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி டிஸ்கோடு படியவைத்த பிறகே சர்க்யூட்டுக்குக் கொண்டுபோங்கள்.

டயர்

பக்கவாட்டில் எழுதியிருக்கும் நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எடை குறைந்த கார்கள் வருடத்தில் கொஞ்ச தூரமே ஓடுவதால், பள்ளம் நிறைய மிச்சமிருந்தும் ரப்பர் கெட்டியாகிப்போன டயர்களோடு பலர் வருவார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், வளைவில் பிடிக்காது. உள்பக்கச் சுவரையும் காரைத் தூக்கிவைத்துப் பாருங்கள். வீக்கமோ வெட்டோ இருந்தால் அந்த டயர் ட்ராக்குக்கு ஆகாது.

அதேபோல், ட்ராக் டேவுக்கென்று புத்தம்புதிய டயர் மாட்டுவதும் நல்ல யோசனையில்லை. 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள புதிய ட்ரெட்டின் (தரையைத் தொடும் ரப்பர்) கட்டிகள் பக்கச் சுமையில் நெளியும், சூடேறும், ஓரம் பிய்ந்து போகலாம். கொஞ்சம் ஓடி, 4 முதல் 6 மில்லிமீட்டர் மிச்சமுள்ள நல்ல சாலை டயர் இதற்கு வாகானது. செமி ஸ்லிக் இப்போது வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சாலை டயர் பிடிப்பை இழக்கும் முன் கீச்சிடும், மெதுவாக நழுவும், உங்களுக்கு நேரம் கொடுக்கும். செமி ஸ்லிக் அதிக வேகத்தில்தான் விடும், விடும்போது திடீரென்று விடும். காரின் மொழியைக் கற்றுக்கொள்ள முதலாவதே நல்ல ஆசிரியர்.

காற்றழுத்தத்தைக் கையேட்டில் சொன்ன அளவில், டயர் குளிர்ந்திருக்கும்போது வைத்துக்கொண்டு போங்கள். நடு எஞ்சின் (ஓட்டுநருக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் எஞ்சின் உள்ள) கார்களில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு இருக்கும், அதைச் சமமாக்கிவிடாதீர்கள். மீதி வேலை அங்கே போய்த்தான்.

ஆயில், கூலண்ட், மற்றவை

எடை குறைந்த கார் நேர்ச்சாலையில் பறக்காது, ஆனால் வளைவில் வேகத்தை விட்டுக்கொடுக்காது. அதனால் நீண்ட வளைவுகளில் சம்ப்பில் (எஞ்சினின் அடித்தட்டு) உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஏறி ஒதுங்குகிறது. பம்ப் உறிஞ்சும் இடத்தில் ஆயில் இல்லாமல் போனால், சில நொடிகளே போதும், பேரிங் போய்விடும். டிப்ஸ்டிக்கில் மேல்கோடுவரை ஆயில் இருக்கட்டும். நடுவில் இருந்தால் போதும் என்பது சாலைக்கான பேச்சு. மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. பழைய ஆயிலாக இருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள், அப்புறம் ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும்.

கூலண்ட் அளவு, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்பது எல்லாம் வழக்கமான வேலை. எலிஸ் போல எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் மூக்கிலும் உள்ள கார்களில் முன்பக்க வலையில் இலையும் குப்பையும் அடைந்திருக்கும், அதைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: பல கார்களில் வெப்பமானியின் முள் சாதாரண ஏற்ற இறக்கத்தைக் காட்டாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகர ஆரம்பித்தது என்றால் எஞ்சின் ஏற்கெனவே அதிகம் சூடாகிவிட்டது. முள் நடுவைத் தாண்டினால் அந்த லேப்பையே மெதுவாக ஓட்டி உள்ளே வந்துவிடுங்கள்.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கும். பேட்டரி அசையாமல் கட்டியிருக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) கூட்டுவது, ஸ்டிஃபான ஸ்பிரிங் போடுவது எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். காரின் இயல்பு தெரியாமல் அதை மாற்றினால் எது முன்னேற்றம் என்றே சொல்ல முடியாது.

ஹெல்மெட்டும் உட்காரும் விதமும்

கார் ஓட்டத்துக்கான ஹெல்மெட்டுகளுக்கு ஸ்னெல் எஸ்ஏ தரம் உண்டு. 2015, 2020 என்று அந்தத் தரத்தைப் புதுப்பித்து வருகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கான எம் தரத்திலிருந்து இதைப் பிரிப்பவை, தீயைத் தாங்கும் சோதனையும் ரோல் பாரில் மோதுவதைப் போன்ற சோதனையும். சில அமைப்பாளர்கள் நல்ல மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையும் அனுமதிப்பார்கள், சிலர் எஸ்ஏ மட்டும்தான் என்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். பலர் வாடகைக்கும் தருகிறார்கள். முதல் நாளுக்கு அது போதும். பருத்தியில் முழுக்கைச் சட்டை, முழுநீளப் பேன்ட், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. தடித்த அடிப்பாகம் இருந்தால் பெடலின் உணர்வு காலுக்கு எட்டாது.

இருக்கையைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலோர் தேவைக்கு அதிகமாகப் பின்னால் தள்ளி, சாய்ந்து உட்காருகிறார்கள். முதுகு முழுவதும் இருக்கையில் பட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். கிளட்சை முழுதாக மிதித்தும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். வளைவில் உடலைத் தாங்கிப் பிடிக்க ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பற்றுபவருக்கு முன்சக்கரம் சொல்வது கைக்கு வராது. கால், தொடை, முதுகு இவற்றால் உடலை நிறுத்தப் பழகுங்கள். ஹெல்மெட் போட்டு ஒருமுறை வீட்டிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

நான்கு முனை ஹார்னெஸ் பெல்ட்டை அவசரமாக வாங்கி மாட்டாதீர்கள். அது உடலை நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளும். ரோல் பாரும் பொருத்தமான இருக்கையும் இல்லாத காரில் கூரை அமுங்கினால் தலை ஒதுங்க வழியில்லை. காரோடு வந்த மூன்று முனை பெல்ட்டே சரி.

முந்தைய நாள்

டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி), உங்கள் வீல் நட்டுக்கான சாக்கெட், டயர் பிரஷர் கேஜ், காற்றடிக்கும் சின்ன பம்ப், ஆயில், மிச்ச பிரேக் ஃப்ளூயிட், கெட்டியான டேப், கேபிள் டை, துணி, கையுறை, சக்கரத்துக்கு அடைகொடுக்க ஒரு கட்டை, நிறையக் குடிதண்ணீர். டோ ஹூக்கை (காரை இழுக்கக் கயிறு மாட்டும் கொக்கி) மறக்கவே மறக்காதீர்கள். அது திருகும் ஓட்டையில் சுலபமாகப் போகிறதா என்று முன்பே பாருங்கள். சில கார்களில் அதன் மரை இடப்பக்கமாகச் சுற்றும். ஓட்டுநர் உரிமத்தையும் பதிவு ஆவணத்தையும் எடுத்துவைத்தால் பை தயார்.

பெட்ரோலை முழுதாக நிரப்புவதா என்பது எடை குறைந்த காரில் யோசிக்க வேண்டிய கேள்வி. 40 லிட்டர் சுமார் 30 கிலோ. மறுபக்கம், கால் டேங்குக்குக் கீழே போனால் வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் தடுமாறும். சாலையில் ஆவதைப் போல இரண்டு, மூன்று மடங்கு செலவாகும் என்பதால் முதல் நாளில் நிரப்பிக்கொண்டே போங்கள். எடையைப் பற்றிய கவலை லேப் நேரம் பார்க்கிறவர்களுக்கு. உங்களுக்கு அன்று கடிகாரமே வேண்டாம். பல அமைப்பாளர்கள் நேரம் எடுப்பதைத் தடைசெய்வதும் உண்டு.

காலையில்

போனதும் காரைக் காலிசெய்யுங்கள். தரைவிரிப்பு, போன், நாணயம், தண்ணீர் பாட்டில் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீல் நட்டுகளைக் கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள்.

விளக்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருங்கள். எந்தப் பக்கம் முந்தலாம், எந்த இடங்களில் மட்டும் முந்தலாம், முந்துபவருக்கு எப்படி சம்மதம் காட்டுவது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கொடிகள் ஏறத்தாழ எங்கும் ஒன்றே. மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வேகம் குறைத்து உள்ளே வா, ஆனால் திடீரென்று பிரேக் அடிக்காதே. நீலம்: பின்னால் வேகமான கார். மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருந்தால் தரையில் ஆயிலோ தண்ணீரோ. கருப்பு என்றால் உங்களைத்தான் அழைக்கிறார்கள். கருப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் காரில் ஏதோ கோளாறு. முதல் மெதுவான லேப்புகளில் வளைவுகளைப் பார்ப்பதற்கு முன் மார்ஷல்கள் (கொடி காட்டும் ட்ராக் ஊழியர்கள்) எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவையுங்கள்.

முதல் ஓட்டம்

பயிற்சியாளரை நாளின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே பக்கத்தில் உட்கார வையுங்கள். தவறான பழக்கம் படிந்த பிறகு திருத்துவது இரட்டை வேலை. ஒரு ஆளின் எடை இந்த வகைக் காரில் நன்றாகவே தெரியும், பிரேக் தூரம் கூடும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு லேப் சூடேற்றுவதற்கு. ஆயில், டயர், பிரேக் எல்லாமே. ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றிலோ நான்கிலோ, முழு ஓட்டத்தையும் முடித்துப் பாருங்கள். கியர் மாற்றும் வேலை போனால் கண்ணுக்கு நேரம் கிடைக்கும். கண்தான் அன்றைக்குப் பழக வேண்டிய உறுப்பு. பிரேக் பிடிக்கும் முன்னரே திரும்பும் இடத்தைப் பாருங்கள், திரும்பும்போது ஏபெக்ஸை (வளைவின் உள்ளோரத்தைக் கார் தொடும் புள்ளி), ஏபெக்ஸை நெருங்கும்போதே வெளியேறும் இடத்தை. பார்வை எங்கே போகிறதோ கை அங்கே போகும்.

பிரேக்கை நேர்க்கோட்டிலேயே முடித்துவிடுங்கள். 100, 200 என்று தூரப் பலகைகள் இருந்தால், தேவைக்கு மேல் முன்னதாக ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு லேப்பிலும் அதே இடத்தில் பிடியுங்கள். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத காரில் (முதல் எலிஸும் கேட்டர்ஹாமும் அப்படித்தான்) சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் வேலை செய்யாது, டயரிலும் தட்டையான தேய்மானம் விழும். பெடலைச் சற்றே தளர்த்தினால் சக்கரம் மறுபடி உருளும். ஏபெக்ஸைக் கொஞ்சம் தாமதமாக, வளைவின் பின்பகுதியில் தொடுங்கள். நேரம் ஒரு துளி கூடும், ஆனால் வெளியேறும்போது சாலை மிச்சமிருக்கும்.

எடை குறைந்த கார்களில், அதுவும் நடு எஞ்சின் கார்களில், ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுப்பது. எடுத்த நொடியில் பாரம் முன்னால் சாயும், பின்சக்கரங்கள் இலகுவாகும், பிடிப்பு குறையும், கார் பின்புறமாகச் சுழலும். எடை நடுவில் குவிந்த கார் விரைவாகத் திரும்பும், அதே விரைவில் சுழலும். வேகம் கூடிவிட்டது என்று தோன்றினால் காலை மெதுவாகத் தளர்த்துங்கள். அதைவிட நல்லது, வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைப்பது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருந்தால் முதல் நாள் முழுவதும் அது இயங்கட்டும். அது குறுக்கிடும் ஒவ்வொரு முறையும், நீங்கள் எங்கே அவசரப்பட்டீர்கள் என்று காட்டுகிறது.

கியரைக் குறைக்கும்போது நிதானம். ஐந்திலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கை இரண்டில் தள்ளிவிட்டால், சக்கரங்களே எஞ்சினைத் தாறுமாறாகச் சுழற்றும். எஞ்சின் வேகத்துக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டர் அதைத் தடுக்காது.

15 நிமிடம் ஆனதும், இன்னும் உற்சாகம் இருந்தாலும், உள்ளே வாருங்கள். கடைசி லேப்பை பிரேக்கை முடிந்தவரை தொடாமல், குறைந்த ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள். நின்றபின் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம். சூடான பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஓட்டங்களுக்கு நடுவில்

இறங்கியதும் காற்றழுத்தம். குளிர்ந்த நிலையிலிருந்து 4 முதல் 8 பிஎஸ்ஐ வரை ஏறியிருப்பது சகஜம். கையேட்டின் குளிர்ந்த அளவைவிட 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாக நிற்கும்படி இறக்கிவிடுவது நல்ல தொடக்கம். பல டயர்களின் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். தேய்ந்த தடம் அந்தக் குறியைத் தாண்டிப் பக்கச்சுவர்வரை போனால் காற்று குறைவு, குறிக்கு வெகுமுன்பே நின்றால் அதிகம். ஒவ்வொரு டயரின் எண்ணையும் எழுதிவையுங்கள்.

சக்கரம் ஆறியபின் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். ஆயில் அளவையும் பாருங்கள், கூலண்ட் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள்.

பிரேக் மாறிவிட்டதாகத் தோன்றினால் எந்த மாதிரி மாற்றம் என்று கவனியுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் கார் மெதுவாகவே நிற்கிறது என்றால் பேட் அதிகம் சூடாகியிருக்கிறது, ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்ப வரும். பெடல் நீளமாகி மெத்தென்று ஆனால் ஃப்ளூயிட் கொதித்திருக்கிறது. ஆறியபின் பெடல் மேலே வந்தாலும், காற்றை வெளியேற்றிப் புது ஃப்ளூயிட் ஊற்றாமல் மறுபடி ட்ராக்குக்குப் போகாதீர்கள்.

உங்களையும் அதே கண்ணால் பாருங்கள். தண்ணீர் குடியுங்கள். மதியத்துக்குப் பிறகு கவனம் சிதறுவதும், அதே நேரத்தில் தன்னம்பிக்கை ஏறுவதும் சேர்ந்து வரும். பிரேக் பிடிக்கும் இடங்கள் தவற ஆரம்பித்தால் ஒரு ஓட்டத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

பெரிய கார்களோடு சேர்ந்து ஓட்டுவது

உங்கள் கார் வளைவில் வேகம், நேர்ப்பாதையில் மெதுவு. 500 குதிரைத்திறன் கார் ஒன்று வளைவில் உங்கள் வழியை மறிக்கும், வெளியே வந்ததும் பறந்துவிடும். மறுபடி அடுத்த வளைவில் அதன் பின்னால் போய் நிற்பீர்கள். எரிச்சல் வரும். ஆனாலும் பின்னால் யாராவது நெருங்கினால் அடுத்த நேர்ப்பாதையில் சைகை காட்டி, உங்கள் பாதையை மாற்றாமல், காலைத் தளர்த்தி வழிவிடுங்கள். தளர்த்தாமல் வழிவிட்டால் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கமாக பிரேக்கிங் இடத்துக்கு வந்து சேரும். முன்னால் போகும் கார் வழிவிடவில்லை என்றால் ஒருமுறை பிட் லேனுக்குள் நுழைந்து வெளியே வாருங்கள், இடைவெளி கிடைக்கும். துரத்துவதற்கான நாள் அதுவல்ல.

கார் கைமீறினால்

சுழல ஆரம்பித்துத் திருத்த முடியாது என்று தெரிந்ததும் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதியுங்கள். சக்கரங்கள் பூட்டிய கார் ஏறக்குறைய போகிற திசையிலேயே போகும், மற்றவர்கள் உங்களைக் கணித்து ஒதுங்க முடியும். வெளியேறும்போது இரண்டு சக்கரம் புல்லில் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். அப்படித் திருப்பும்போது முன்சக்கரம் திடீரென்று பிடித்து, காரை எதிர்ப்பக்கத் தடுப்புக்கு இழுத்துப்போகும். நேராகவே விட்டு, வேகம் குறைந்தபின் மெல்ல ஏற்றுங்கள். சர்க்யூட்டில் நின்றுபோனால், தீ இல்லாதவரை, பெல்ட்டைக் கழற்றாமல் காருக்குள்ளேயே இருந்து மார்ஷல் சொல்வதைக் கேளுங்கள். வெளியே போய்வந்தபின் பிட்டுக்கு வந்து அடிப்பக்கம், சக்கரம், ரேடியேட்டர் எல்லாவற்றையும் பார்த்தபிறகே அடுத்த ஓட்டம்.

மழை வந்தால் வீட்டுக்குப் போக வேண்டாம். குறைந்த வேகத்திலேயே கார் நழுவுவதை உணரலாம் என்பதால் கற்றுக்கொள்ள நல்ல தருணம் அது. தண்ணீர் தேங்கும் இடங்களை மட்டும் தவிருங்கள். இலகுவான காரின் அகலமான டயர் தண்ணீரின் மேல் சீக்கிரம் மிதந்துவிடும். காய்ந்த தரையில் ரப்பர் படிந்து நன்றாகப் பிடிக்கும் பாதை ஈரத்தில் வழுக்கும். அதற்கு வெளிப்புறமாக ஓட்டிப் பாருங்கள்.

திரும்பும் வழியும் மறுநாளும்

காற்றழுத்தத்தை மறுபடி சாலை அளவுக்கு ஏற்றுங்கள், நட்டுகளைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள், டோ ஹூக்கைக் கழற்றுங்கள். முதல் சில கிலோமீட்டருக்கு ஸ்பீடோமீட்டரை அடிக்கடி பாருங்கள். நாள் முழுவதும் ட்ராக் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சாலை வேகம் நடை மாதிரித் தெரியும்.

மறுநாள் சக்கரங்களைக் கழற்றி பேட் எவ்வளவு மிச்சம், டிஸ்கில் வெடிப்பு உண்டா, டயரின் வெளி ஓரம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முன்டயர்களின் வெளி ஓரம் மட்டும் கரைந்திருந்தால், கேம்பரைப் பற்றி யோசிக்க இப்போதுதான் காரணம் கிடைத்திருக்கிறது. தொழிற்சாலை அமைப்பு அனுமதிக்கும் வரம்புக்குள் கூட்டிவிட்டு அடுத்த நாளுக்குப் பதிவு செய்யுங்கள், அதே சர்க்யூட்டில், அதே டயரில். எது மாறியது என்று அப்போது தெரியும்.